நிலாக் கடவுளின் வீட்டில் பேரரசனின் மகள்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு வட்டக் கல் இருக்கிறது. ஒளி சற்றே ஊடுருவும் வெண்ணிற அலபாஸ்டர் கல்லால் ஆன அதன் விட்டம் ஏறத்தாழ 25 செ.மீ. நடுவே ஓடும் ஒரு பட்டையில் நான்கு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆடையற்ற பூசாரி ஒருவர் பலிபீடத்தின் முன்னால் நீர் வார்க்கிறார். அவருக்குப் பின்னால், அடுக்கடுக்காக மடிப்பு விழும் ஆடை உடுத்து, விளிம்பு சுருண்ட தலையணி அணிந்த ஒரு பெண், முகத்துக்கு நேராகக் கையை உயர்த்தி நிற்கிறார். அவருக்கும் பின்னால் இரண்டு பணியாளர்கள். கல்லின் பின்புறத்தில் ஆப்பெழுத்தில் சில வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. நிலாக் கடவுளான நன்னாவின் மனைவியும், உலகின் அரசன் சார்கோனின் மகளுமான என்ஹெதுவன்னா, ஊர் நகரத்தில் இனன்னா தேவியின் கோயிலில் ஒரு பீடத்தை அமைத்து அதற்குப் பெயர் சூட்டினார் என்று அவை சொல்கின்றன. தென் ஈராக்கில், இன்றைய நசிரியா நகருக்கு அருகில் இருக்கும் ஊர் நகரத்தின் இடிபாடுகளில், லியோனார்ட் வூலி நடத்திய அகழாய்வில் 1927ஆம் ஆண்டு இந்தக் கல் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது.

கல்லூரிக் காலத்தில் ஒரு நூலகத்தில் இதன் படத்தை முதன்முதலில் பார்த்தேன். கடவுளின் மனைவி என்பதும் அரசனின் மகள் என்பதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வந்து நின்ற விதம் அன்றிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த அரசனைப் பற்றி மேலும் படித்தபோது வியப்பு இன்னும் கூடியது. சார்கோன் ஊர் நகரத்தைப் போரில் வென்று அதன் மதிலை இடித்துத் தள்ளியவன். மதிலை இடித்த பிறகு, அந்நகரத்தின் தெய்வத்துக்கே தன் மகளை மனைவியாக அனுப்பிவைக்க அவனுக்கு என்ன தேவை இருந்தது? உலகின் முதல் பேரரசு என்று சொல்லத்தக்க ஓர் அரசு எப்படி நின்றது என்பதற்கான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

விடையின் முதல் பாதியை என் தாத்தாவின் வாழ்க்கையிலிருந்தே என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவர் காவிரிக் கடைமடைப் பகுதியில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். இது யாருடைய நிலம் என்று சிறுவனாக நான் கேட்டபோது, "சாமி நிலம்" என்றார். அதை அவர் உருவகமாகச் சொல்லவில்லை. நிலத்தின் பத்திரம் சுவாமியின் பெயரில்தான் இருந்தது. அறுவடை முடிந்ததும் குத்தகை நெல் சுவாமியின் பெயரில்தான் அளக்கப்பட்டது. ஊர் நகரம் இருந்த தென் ஈராக்கில் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் வாழ்ந்த சுமேரியர்கள் இந்த எண்ணத்தை ஒரு வயலோடு நிறுத்தவில்லை. நகரம் முழுவதும், அதன் வயல்களும் வாய்க்கால்களும் மந்தைகளும் சேர்த்து, ஒரு தெய்வத்தின் சொத்து என்று அவர்கள் கருதினார்கள். ஊர் நகரம் நன்னாவுக்கு, உருக் இனன்னாவுக்கு, எரிது என்கிக்கு, நிப்பூர் தெய்வங்களுக்குத் தலைவனான என்லிலுக்கு. கோயிலைக் குறிக்க அவர்கள் பயன்படுத்திய 'எ' என்ற சொல்லுக்கு வீடு என்பதே பொருள். தெய்வம் குடியிருக்கும் வீடு அது. அந்த வீட்டின் நிலங்களை நிர்வகிக்கும் காரியக்காரன்தான் அரசன்.

யூப்ரடீசும் டைகிரிசும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணில், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஒரு சமவெளியில், வாய்க்கால் வெட்டித்தான் பார்லியை விளைவிக்க முடிந்தது. ஆகவே அங்கே தகராறு என்றால் அது முதலில் தண்ணீர்த் தகராறாகவே இருந்தது. உம்மா நகரம் தலைமடையில் இருந்தது. லகாஷ் கடைமடையில் இருந்தது. இரண்டுக்கும் இடையே கிடந்த வளமான ஒரு நிலப்பரப்புக்காகவும் அதற்குப் பாயும் வாய்க்காலுக்காகவும் அவை ஏறத்தாழ 150 ஆண்டுகள் போரிட்டன. இந்தச் சண்டையின் வரலாற்றை லகாஷின் ஆட்சியாளர் என்மெதெனா ஒரு களிமண் கூம்பில் எழுதிவைத்திருக்கிறார். அது எப்படித் தொடங்குகிறது என்பதே கவனிக்கத்தக்கது. என்லில், நிங்கிர்சு தெய்வத்துக்கும் ஷாரா தெய்வத்துக்கும் இடையே எல்லையை வகுத்தார் என்பதுதான் தொடக்கம். நிங்கிர்சு லகாஷின் தெய்வம், ஷாரா உம்மாவின் தெய்வம். கிஷ் நகரத்து அரசன் மெசிலிம் அளவு போட்டு எல்லைக்கல் நட்டான் என்ற செய்தி அதற்குப் பிறகே வருகிறது. மனிதர்கள் வாய்க்கால் மறித்ததும் ஒருவரையொருவர் கொன்றதும் இரண்டு நிலவுடைமையாளர்களான இரண்டு தெய்வங்களின் வழக்காகவே பதிவு செய்யப்பட்டது.

இப்படிப்பட்ட ஓர் உலகில் பேரரசு என்ற ஒன்று எப்படித் தோன்ற முடியும்? ஒரு நகரத்தைப் பிடிப்பது என்பது இன்னொரு தெய்வத்தின் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதாகும். உம்மாவின் லுகல்சகெசி, கி.மு. 2350ஐ ஒட்டி, தன் நகரத்தின் நெடுநாள் பகையைத் தீர்த்துக்கொள்ளும் வேகத்தில் லகாஷின் கோயில்களை எரித்தான். அப்போது லகாஷில் ஒருவர் களிமண் பலகையில் எழுதிவைத்த குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. எரிக்கப்பட்ட ஒவ்வொரு கோயிலையும், வெள்ளியும் நீலக்கல்லும் கொள்ளையிடப்பட்ட ஒவ்வோர் இடத்தையும், பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, இது நிங்கிர்சுவுக்கு எதிரான பாவம், லகாஷின் அரசன்மீது குற்றம் இல்லை, லுகல்சகெசியின் தெய்வமான நிசபாவே அந்தப் பாவத்தை அவன் கழுத்தில் சுமத்தட்டும் என்று அது முடிகிறது. தோற்றுப்போன ஊரின் ஒரு மனிதர், எதிரியின் குலதெய்வத்திடமே நியாயம் கேட்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

லுகல்சகெசி உருக் நகரத்தைத் தலைநகராக்கிக்கொண்டு சுமேர் முழுவதையும் ஆண்டான். அவனை வீழ்த்தியவன்தான் சார்கோன். வீழ்த்திய பிறகு அவன் கழுத்தில் மரத்தளை பூட்டி, நிப்பூருக்கு இழுத்துச் சென்று, என்லில் கோயிலின் வாசலில் நிறுத்தினான் என்று சார்கோனின் கல்வெட்டு சொல்கிறது. லகாஷின் எழுத்தர் கேட்டுக்கொண்டபடியே பாவம் கழுத்தில் ஏறியதாக அக்காலத்து மக்கள் நினைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சார்கோனும் அப்படி நினைக்க வைக்க விரும்பியே நிப்பூரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நிப்பூர் எந்தக் காலத்திலும் படை நடத்தி நாடு பிடித்த நகரம் இல்லை. ஆனால் அங்கே இருக்கும் என்லில் ஏற்றுக்கொண்டால்தான் ஒருவனுடைய அரசுரிமை செல்லும் என்பது சுமேரியர்களின் உறுதியான நம்பிக்கை.

சார்கோன் என்ற பெயரின் மூல வடிவம் ஷர்ருகின். 'முறையான அரசன்' என்பது அதன் பொருள். முறையான அரசனாகப் பிறக்காத ஒருவன் சூட்டிக்கொள்ளும் பெயர் அது. கிஷ் அரசன் ஊர்-சபபாவுக்கு மதுக்கிண்ணம் ஏந்தும் பணியில் இருந்தவன் என்று சுமேரிய மரபு கூறுகிறது. அவனுடைய தாய் ஒரு பெண் பூசாரி, அவனை இரகசியமாகப் பெற்று, நாணல் கூடையில் கீல் பூசி ஆற்றில் விட்டாள், தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவன் எடுத்து வளர்த்தான், தோட்ட வேலை செய்துகொண்டிருந்தபோது இஷ்தார் தேவி அவன்மீது அன்பு கொண்டாள் என்ற புகழ்பெற்ற கதை, அவன் இறந்து 1,500 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எழுதப்பட்ட பலகைகளில்தான் கிடைக்கிறது. வரலாறாக அதை ஏற்க இயலாது. ஆனால், அரச குடியில் பிறவாதவன் ஒரு தேவியின் அருளால் அரசனானான் என்ற அதன் உட்கருத்து சார்கோனே பரப்ப விரும்பிய ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

பொதுவாக ஏற்கப்படும் காலக்கணிப்பின்படி அவன் கி.மு. 2334 முதல் 2279 வரை ஆண்டான். 34 போர்களில் வென்றதாகவும், மதில்களை இடித்துக் கடல்வரை சென்று தன் ஆயுதங்களைக் கடல்நீரில் கழுவியதாகவும், நாள்தோறும் 5,400 பேர் அவன் முன்னிலையில் உணவு உண்டதாகவும் கல்வெட்டுகள் சொல்கின்றன. அறுவடைக்குத் திரும்பிப் போகும் குடிபடையாக இல்லாமல், அரசனின் சோற்றை உண்டு அவனிடமே தங்கிய கூட்டத்தை அந்த எண் காட்டுகிறது. மெலுக்கா, மாகன், தில்முன் ஆகிய நாடுகளின் கப்பல்கள் அவன் தலைநகரான அக்காடின் துறையில் வந்து நின்றன என்றும் அவன் பெருமைப்பட்டுக்கொள்கிறான். தில்முன் இன்றைய பஹ்ரைன் பகுதி, மாகன் ஓமன் பகுதி, மெலுக்கா சிந்துவெளி என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மெலுக்கா மொழிக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்த ஷு-இலிஷு என்பவனின் முத்திரை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிந்துவெளியின் எழுத்தை நம்மால் இன்னும் படிக்க முடியவில்லை. அந்த மொழியைக் கேட்டு அக்காடிய மொழியில் சொன்ன ஒரு மனிதனின் பெயரை மட்டும் படிக்க முடிகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'ஊர்' என்ற நகரப் பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர் பலருக்கு நம்முடைய ஊர் என்ற சொல் நினைவுக்கு வரும். அதை ஆதாரமாக வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளும் நிறைய உலவுகின்றன. சுமேரிய மொழியில் அந்நகரத்தின் பெயர் ஊரிம். ஒலி ஒத்துப்போவது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. மெலுக்காவின் கப்பல்களும், ஊர் நகரத்துக் கல்லறைகளில் கிடைத்த சிந்துவெளிச் சூதுபவள மணிகளும் உண்மையான தொடர்புகள். அவை போதுமானவை.

சார்கோனின் வெற்றிகளைவிட அவன் வணங்கிய இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. யூப்ரடீசின் மேற்பகுதியில் உள்ள துத்துல் நகரத்தை அடைந்தபோது, அங்கே அவன் தாகான் தெய்வத்தை வணங்கினான். தாகான் அவனுக்கு மேல்நாட்டை, அதாவது மாரி, எப்லா முதலிய நகரங்களை, தேவதாரு வனமும் வெள்ளி மலைகளும்வரை அளித்தார் என்று அவனுடைய கல்வெட்டு கூறுகிறது. கடல்களை அளித்தவர் என்லில். வடமேற்கைக் கொடுக்கும் அதிகாரம் தாகானுக்கு. எந்த மண்ணில் நிற்கிறானோ அந்த மண்ணின் தெய்வத்திடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டதாக எழுதுவதில் அவன் கவனமாக இருந்தான். தன் பட்டங்களை அடுக்கும்போதும் இஷ்தாரின் அதிகாரி, அன் தெய்வத்தின் பூசாரி, என்லிலின் ஆளுநர் என்றே அவன் சொல்லிக்கொள்கிறான். மூன்று தெய்வங்களிடம் ஒரே நேரத்தில் பணியாற்றுபவன் என்பது இதன் பொருள். ஒரு நகரத்தின் காரியக்காரனாக இருந்த அரசன், பல நகரங்களின் காரியக்காரனாக மாறிய இடம் இது.

ஊர் நகரத்தின் நன்னாவுக்குப் பணியாள் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதோடு நிற்காமல், அவன் உறவே ஏற்படுத்திக்கொண்டான். மகளை 'என்' என்னும் தலைமைப் பூசாரியாக அங்கே அமர்த்தினான். என்ஹெதுவன்னா என்பது பதவியேற்ற பிறகு அவர் பெற்ற சுமேரியப் பெயர். 'என்' என்பது பதவி, 'ஹெது' அணிகலன், 'அன்' வானம். பிறந்தபோது வைத்த அக்காடியப் பெயர் நமக்கு எஞ்சவில்லை. அவர் வாழ்ந்த இடத்துக்கு கிபாரு என்று பெயர். நன்னாவின் கோயில் வளாகத்துக்குள், பூசை அறைகளும் சமையல் கூடங்களும் கிடங்குகளும் கொண்ட பெரிய மாளிகை அது. அவருடைய நிலங்களை நிர்வகித்த அத்தா என்பவரின் முத்திரையும், அவருக்குக் கூந்தல் அலங்காரம் செய்த பணியாளரின் முத்திரையும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. வடக்கின் அக்காடியப் பேச்சோடு வளர்ந்த ஓர் அரச குமாரி, தெற்கின் சுமேரிய மொழியில் துதி பாடி, தெற்கின் தெய்வத்துக்கு மனைவியாக, பல பத்து ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்தார். தந்தையின் பிள்ளைகள் ஆட்சியையும், பேரன் ஆட்சியையும் அவர் பார்த்தார்.

அவர் பெயரில் வழங்கும் நூல்களில், கோயில்களைப் பாடும் 42 சுமேரியத் துதிகளின் தொகுப்பு ஒன்று உண்டு. தெற்கே எரிதுவில் தொடங்கி, நிப்பூர், உருக், லகாஷ், உம்மா என்று ஊர் ஊராகச் சென்று, வடக்கே சிப்பார், அக்காடு வரை அது நீள்கிறது. ஒவ்வொரு துதியும் கோயிலைப் பார்த்துப் பேசி, உன் அரசன் அல்லது உன் அரசி உன்னிடத்தில் வீடு கட்டி உன் பீடத்தில் அமர்ந்தார் என்று முடிகிறது. 150 ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த உம்மாவும் லகாஷும் ஒரே தொகுப்பில், ஒரே அமைப்பில், சமமான மரியாதையோடு பாடப்பட்டிருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம்முடைய தேவார மூவரின் பதிகங்கள் தலம் தலமாகச் சென்று ஒரு நிலப்பரப்பை மனத்தில் ஒன்றாக இணைத்ததை அறிந்தவர்களுக்கு, இத்தகைய பாடலின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. வாளால் இணைக்கப்பட்ட ஒரு நாடு பாட்டில் இணைந்தபோதுதான் மனத்தால் கற்பனை செய்யக்கூடிய ஒன்றாகியது. தொகுப்பின் முடிவில், இதுவரை யாரும் படைக்காத ஒன்று படைக்கப்பட்டுள்ளது என்று தன் அரசனிடம் அவர் சொல்கிறார்.

இந்தப் பலகைகள் அனைத்தும் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய படிகள் என்பதையும், தொகுப்பில் பிற்கால அரசன் ஷுல்கியின் கோயில் பற்றிய துதி ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதையும் காட்டி, இவற்றை அவரே இயற்றினாரா என்று ஐயப்படும் அறிஞர்கள் உண்டு. அந்த ஐயம் நியாயமானது. ஆயினும், பாடலுக்கு ஆசிரியர் பெயர் எழுதும் வழக்கமே இல்லாத ஒரு மரபு, இந்த ஒரு பெண்ணின் பெயரைப் பாடல்களுக்குள்ளேயே விடாமல் பாதுகாத்து வந்ததற்குக் காரணம் இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

சார்கோன் இறந்ததும் நகரங்கள் கிளர்ந்தன. அவன் மகன் ரிமுஷ் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று கிளர்ச்சிகளை அடக்கினான். அடுத்து வந்த மனிஷ்துஷு, கிஷ் பகுதியில் பெருமளவு நிலத்தைக் குடும்பங்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கினான். விற்றவர்களின் பெயர்களையும் கொடுத்த விலையையும் ஒரு கருங்கல் தூணில் பொறித்து வைத்தான். அவன் மகன் நாராம்-சின் காலத்தில் மீண்டும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. வடக்கே கிஷ் ஓர் அரசனையும், தெற்கே உருக் ஓர் அரசனையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு எழுந்தன. ஊர் நகரத்தில் லுகல்-அன்னே என்பவன் எழுந்தான். அவனால் என்ஹெதுவன்னா தம் கோயிலிலிருந்து துரத்தப்பட்டார்.

அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததாக வழங்குவது, இனன்னாவை நோக்கி அவர் பாடும் 153 வரிப் பாடல். 'அனைத்துத் தெய்வ ஆற்றல்களின் அரசியே' என்ற விளியோடு அது தொடங்குகிறது. லுகல்-அன்னே தன் தலையணியைப் பறித்துக்கொண்டு, கையில் கத்தியைக் கொடுத்து, இதுவே உனக்குப் பொருந்தும் என்று சொன்னதாக அவர் கூறுகிறார். முட்செடிகள் நிறைந்த நிலத்தில் அலைந்ததை, தேன் போன்ற தம் வாய் குழறிப்போனதைச் சொல்கிறார். ஆனால் பாடலில் என்னை உலுக்கிய பகுதி வேறு. இத்தனை ஆண்டுகளாக எந்தத் தெய்வத்தின் மனைவியாக வாழ்ந்தாரோ, அந்த நன்னா தமக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை, தம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். பிறகு, நன்னாவின் மகளான இனன்னாவிடம் திரும்பி, அவளை என்லிலுக்கும் அன்னுக்கும் மேலான ஆற்றல் கொண்டவளாக உயர்த்திப் பாடுகிறார். வெள்ளமாகவும் இடியாகவும் வருபவள், பணியாத மலைநாட்டை அழிப்பவள் என்று அந்தத் தேவி அங்கே விவரிக்கப்படுகிறாள். நள்ளிரவில் உனக்குச் சொன்ன இப்பாடலை நண்பகலில் பாடகர் மீண்டும் பாடட்டும் என்றும், இதை உனக்காக நான் ஈன்றெடுத்தேன் என்றும் அவர் சொல்லும் வரிகள், கவிதை எழுதும் அனுபவத்தைப் பற்றி உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சொற்களில் அடங்கும்.

தன் துயரைப் பாடிய அந்தப் பாடல் அரசியலும் கூட. உருக்கின் இனன்னா அன்பும் வளமும் தரும் சுமேரியத் தேவி. அக்காடின் இஷ்தார் சார்கோன் குடும்பத்தின் போர்த்தெய்வம். இருவரும் ஒருவரே என்ற எண்ணம் இதற்கு முன்பே முளைத்திருக்கக்கூடும்; அதற்கு மறக்க முடியாத வடிவத்தைக் கொடுத்தது இந்தப் பாடல். அக்காடு அழிந்த பிறகும் இரண்டாயிரம் ஆண்டுகள், பாபிலோனிலும் அசீரியாவிலும், காதலுக்கும் போருக்கும் உரிய ஒரே தேவியாக இஷ்தார் வணங்கப்பட்டாள்.

நாராம்-சின் ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்றதாகச் சொல்லிக்கொண்டான். வென்ற பிறகு, அவன் தாத்தா ஒருபோதும் தாண்டாத ஒரு கோட்டைத் தாண்டினான். 'பஸெத்கி' என்ற இடத்தில் கிடைத்த செப்புச் சிலையின் கல்வெட்டு அதை விவரிக்கிறது. நெருக்கடியில் நகரத்தைக் காப்பாற்றியதால், அக்காடின் மக்கள் உருக்கின் இஷ்தாரிடமும், நிப்பூரின் என்லிலிடமும், துத்துலின் தாகானிடமும், ஊரின் சின்னிடமும் (நன்னாவின் அக்காடியப் பெயர்), மேலும் பல தெய்வங்களிடமும் தங்கள் அரசன் தங்கள் நகரத்தின் தெய்வமாக இருக்க வேண்டும் என்று வேண்டி, அக்காடின் நடுவே அவனுக்குக் கோயில் கட்டினார்கள். கடவுளாக மாறும்போதும் பழைய தெய்வங்களின் அனுமதியைப் பெற்றதாகக் காட்ட வேண்டியிருந்தது! அதற்குப் பிறகு அவன் பெயருக்கு முன்னால் ஒரு விண்மீன் குறி எழுதப்பட்டது. வானத்தையும் தெய்வத்தையும் ஒருங்கே குறிக்கும் அந்த ஆப்பெழுத்து, அதுவரை தெய்வங்களின் பெயர்களுக்கு முன்னால் மட்டுமே நின்றது. லூவரில் இருக்கும் அவனுடைய வெற்றித் தூணில், தெய்வங்களுக்கே உரிய கொம்புகள் வைத்த தலைக்கவசத்தோடு அவன் மலை ஏறுகிறான். தெய்வங்கள் மலையுச்சிக்கு மேலே விண்மீன்களாக மட்டும் சுருங்கிவிட்டன.

கி.மு. 2150ஐ ஒட்டி அந்த அரசு சிதைந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகளே அது நீடித்தது. நாராம்-சினின் மகன் ஷார்-கலி-ஷாரிக்குப் பிறகு வந்த குழப்பத்தை, யார் அரசன், யார் அரசன் இல்லை என்ற ஒரே கேள்வியில் சுமேரிய அரசர் பட்டியல் சொல்லிவிடுகிறது. அக்காலத்தில் மேற்காசியாவைத் தாக்கிய நெடிய வறட்சியே காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள். கிளர்ச்சிகளும் சக்ரோஸ் மலையிலிருந்து இறங்கிய குத்தியர்களும் காரணம் என்று சிலர் கூறுகிறார்கள். சுமேரியர்களுக்கோ காரணத்தில் குழப்பமே இல்லை. அக்காடின் சாபத்தைப் பாடும் ஒரு சுமேரியப் பாடலில், நாராம்-சின் நிப்பூரில் உள்ள என்லிலின் கோயிலைக் கோடரியால் வெட்டிப் பிளக்கிறான். சினம் கொண்ட என்லில் குத்தியர்களை ஏவுகிறார். வயல்களில் தானியம் இல்லை, வாய்க்கால்களில் மீன் இல்லை. உண்மையில் நாராம்-சின் அந்தக் கோயிலை இடிக்கவில்லை, புதுப்பித்துக் கட்டத் தொடங்கினான் என்பதற்கு அக்காலத்து ஆவணங்கள் உண்டு. கட்டியவனை இடித்தவனாக்கியது அந்த நினைவு. சிவன் சொத்து குலநாசம் என்று நம் பாட்டிமார் சொல்லும்போது குரலில் ஓர் அச்சம் இருக்குமே, அதே அச்சம் அந்தப் பாடலில் இருக்கிறது.

அக்காடு நகரம் எங்கே இருந்தது என்பது இன்றுவரை கண்டறியப்படவில்லை. அங்கிருந்து அனுப்பப்பட்ட பெண்ணின் பதவியோ அழியவில்லை. அவருக்குப் பின் நாராம்-சினின் மகள் என்மெனன்னா ஊர் நகரத்தின் 'என்' ஆனார். ஊரின் மூன்றாம் அரச மரபினரும், பிறகு இசின், லார்சா அரசர்களும், ஒருவரையொருவர் வென்றாலும், தத்தம் மகளையோ சகோதரியையோ அதே கிபாருவுக்கு அனுப்பினார்கள். ஆட்சி மாறிய பிறகும் முந்தைய அரசனின் மகள் பதவியில் தொடர்ந்ததும் உண்டு. லார்சாவின் அரசன் ரிம்-சினின் சகோதரியான என்-அனெது, இறந்துபோன பழைய பூசாரிகள் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைத் தேடிச் செப்பனிட்டு, அதைச் சுற்றி மதில் கட்டியதாக எழுதிவைத்திருக்கிறார். தந்தையரின் அரசுகள் வேறு வேறாக இருந்தாலும், அந்த வீட்டில் வாழ்ந்த பெண்கள் தங்களை ஒரே வரிசையாகக் கருதியிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

நூற்றாண்டுகள் கடந்து அந்தப் பதவி வழக்கொழிந்தது. கி.மு. 554 செப்டம்பர் 26 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, நிலாக் கடவுள் தனக்கு மனைவி கேட்பதாக பாபிலோனின் அரசன் நபோனிதஸ் எடுத்துக்கொண்டான். பூசாரியின் உடையும் சடங்கும் எப்படி இருந்தன என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அவன் பழைய கல்வெட்டுகளைத் தேடி எடுத்துப் படிக்கச் செய்து, இடிந்து கிடந்த கிபாருவைத் திரும்பக் கட்டி, தன் மகளுக்கு என்-நிகல்தி-நன்னா என்று சுமேரியப் பெயர் சூட்டி அங்கே அமர்த்தினான். அப்போது சுமேரிய மொழி பேசுவாரற்றுப் போய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இதே நபோனிதஸ் சிப்பார் நகரத்துக் கோயிலின் அடியில் தோண்டி, நாராம்-சின் வைத்த அடித்தளக் கல்வெட்டைக் கண்டெடுத்தான். அது 3,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று கணக்கிட்டான். உண்மையில் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள். சிதைந்து கிடந்த சார்கோனின் சிலை ஒன்றையும் எடுத்து, தெய்வங்கள் மீதுள்ள பக்தியாலும் அரசுரிமை மீதுள்ள மதிப்பாலும் அதைச் செப்பனிட்டு நிறுத்தினான்.

கி.மு. 539இல் பாரசீகத்தின் அரசன் கோரேஷ் (சைரஸ்) பாபிலோனைப் பிடித்தான். அவன் வெளியிட்ட களிமண் உருளை, நபோனிதஸின் வழிபாட்டு முறைகளால் சினம் கொண்ட, பாபிலோனின் தெய்வமான மர்துக் உலகம் முழுவதும் தேடி, கோரேஷின் கையைப் பற்றி, பாபிலோனை அவனுக்கு அளித்தார் என்று சொல்கிறது. துத்துலில் தாகானை வணங்கிய சார்கோன் அந்த வாசகத்தை உடனே புரிந்துகொண்டிருப்பான்.

வட்டக் கல்லுக்கு மீண்டும் வருகிறேன். அதன் உடைவு எழுத்துகளின் குறுக்கே ஓடுகிறது. பல சொற்கள் உதிர்ந்துவிட்டன. என்ஹெதுவன்னா இறந்து சில நூற்றாண்டுகள் கழித்து, ஊர் நகரத்தில் பெயர் தெரியாத ஓர் எழுத்தர் அந்தக் கல்லில் இருந்த வாசகத்தைக் களிமண் பலகையில் படியெடுத்து வைத்தார். அவர் வாழ்ந்தபோது அக்காடு வீழ்ந்து நெடுங்காலமாகிவிட்டது. அந்தப் பெயரைப் பாதுகாத்து அவர் மகிழ்விக்க வேண்டிய அரசன் எவனும் இல்லை. அந்தப் பலகையும் அதே இடிபாடுகளில் கிடைத்தது. கல்லில் சிதைந்த வரிகளை, அந்தப் பீடத்துக்கு அவர் சூட்டிய பெயர் உட்பட, இன்று நாம் அதிலிருந்துதான் படிக்கிறோம்.